மருந்தும் நஞ்சும் ஒரே வகுப்பில்: மருந்தியல்–நச்சியல் இளநிலைப் படிப்பு

மருந்தியல் படிக்கிறேன் என்று சொல்பவரிடம் "அப்படியானால் மருந்துக்கடை வைக்கலாமா?" என்று கேட்காதவர் குறைவு. கூடவே நச்சியல் என்றும் சொல்லிவிட்டால், கேட்டவர் சற்றுத் தயங்கி "விஷத்தைப் பற்றியா?" என்பார். இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான்: மருந்து ஒரு சாதி, நஞ்சு வேறொரு சாதி என்ற எண்ணம். படிப்பு தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே அந்த எண்ணம் உடைந்துவிடும். எப்படி உடைகிறது, அதன்பின் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

## மூன்று பெயர்கள், மூன்று வேலைகள்

மருந்தியல் என்பது ஒரு வேதிப்பொருள் உயிருள்ள உடலுக்குள் என்ன செய்கிறது, அந்த வேதிப்பொருளை உடல் என்ன செய்கிறது என்று ஆராயும் அறிவியல். நச்சியல் அதே கேள்வியைக் கேட்டின் பக்கமிருந்து கேட்கிறது: எந்த அளவில், எந்த வழியாக, யாருக்கு, எந்த உறுப்பில் தீங்கு வருகிறது? பார்மசி என்பது இவற்றைப் பயன்படுத்தும் தொழில். மருந்தைத் தயாரித்து, மருத்துவர் எழுதியதைச் சரிபார்த்து, நோயாளியின் கையில் பாதுகாப்பாகச் சேர்ப்பது.

இந்த வேறுபாடு சேருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மருந்தாளுநராகப் பணிபுரிய உரிமம் தேவை. அதைப் பெற பார்மசிப் படிப்பு வேண்டும். மருந்தியல் இளநிலைப் பட்டம் அந்த உரிமத்தைத் தராது. நோயாளிக்கு மருந்து எழுதித்தரும் தகுதியும் இதில் கிடையாது. இரண்டாம் ஆண்டில் இது தெரியவந்து ஏமாந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

## பழமொழி சொல்லாமல் விட்ட எண்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. சரிதான், ஆனால் எவ்வளவு மிஞ்சினால்? எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு? எத்தனை மணி நேரத்துக்குள்? பழமொழி விட்ட இடத்திலிருந்து இந்தப் படிப்பு தொடங்குகிறது. ஐரோப்பாவில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் 1538இல் இதையே எழுதினார்: எல்லாப் பொருளும் நஞ்சே, அளவுதான் ஒன்றை நஞ்சல்லாததாக ஆக்குகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்குள் பல லிட்டர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கலாம்; உயிரும் போகலாம். எதிர்முனையில் போட்டுலினம் நச்சு. அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. அதையே மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டு, தானாக இறுகிக்கொள்ளும் தசைகளைத் தளர்த்துகிறார்கள்.

இதை வகுப்பில் ஒரு வரைபடமாக வரைவார்கள். கிடைமட்டத்தில் மருந்தின் அளவு. செங்குத்தில் விளைவு தெரிந்தவர்களின் விழுக்காடு. அளவு கூடக்கூடக் கோடு படுத்த ‘எஸ்’ போல ஏறி ஒரு கட்டத்தில் மட்டமாகும். இதற்கு அளவு–விளைவுக் கோடு என்று பெயர். ஒரே மருந்துக்கு இரண்டு கோடுகள் வரையலாம்: ஒன்று நாம் விரும்பும் பலனுக்கு, மற்றொன்று தீங்குக்கு. பாதிப்பேருக்குத் தீங்கு தரும் அளவை, பாதிப்பேருக்குப் பலன் தரும் அளவால் வகுத்தால் வருவது சிகிச்சைக் குறியெண். எண் பெரிதாக இருந்தால் மருத்துவருக்குக் கைவீசி நடக்க இடமுண்டு. சிறிதாக இருந்தால் கயிற்றின்மேல் நடப்பதுதான்.

லித்தியம் அந்தக் கயிறு. இருமுனைக் கோளாறுக்குத் தரும் இந்த மருந்து ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நச்சுக்குறிகள் தொடங்கலாம். பலனுக்கும் கேட்டுக்கும் நடுவே இரண்டு மடங்குகூடத் தேறவில்லை. அதனால்தான் லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தவிர்க்க முடியாதது.

இதுவரை வந்தது: நஞ்சு என்பது பொருளின் பெயரல்ல, கோட்டில் நாம் நிற்கும் இடத்தின் பெயர்.

## உடல் மருந்தை என்ன செய்கிறது

விழுங்கிய மாத்திரைக்கு நான்கு நிகழ்வுகள் காத்திருக்கின்றன: உறிஞ்சப்படுதல், உடலெங்கும் பரவுதல், வேதிமாற்றம் அடைதல், வெளியேறுதல். இந்த நான்கையும் நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் பகுதிக்கு மருந்தசைவியல் என்று பெயர். இது கணக்குப் பாடம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குடலில் உறிஞ்சப்பட்டது நேராக உடலுக்குப் போய்விடாது. முதலில் கல்லீரல் வழியாகப் போக வேண்டும். கல்லீரல் அங்கேயே ஒரு பங்கைச் சிதைத்துவிடும். சுங்கச்சாவடி போலத்தான். நெஞ்சுவலிக்குத் தரும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே அழிந்துவிடும். நாக்கின் அடியிலிருந்து உறிஞ்சப்பட்டால் சாவடியைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

வெளியேறுவதைப் புரிந்துகொள்ள ஓட்டைக் குடம் உதவும். குடம் நிறைந்திருக்கும்போது வேகமாக ஒழுகும், குறையக்குறைய மெதுவாகும். (இயற்பியல் தெரிந்தவர்கள் கணக்கு அப்படியே பொருந்தாது என்பார்கள். ஒப்புமைக்கு இது போதும்.) பெரும்பாலான மருந்துகள் இப்படித்தான் வெளியேறுகின்றன: இருப்பதில் குறிப்பிட்ட பங்கு, குறிப்பிட்ட நேரத்தில். பாதி வெளியேற ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர்.

அரை ஆயுள் 6 மணி நேரம் உள்ள ஒரு மருந்தை 400 மி.கி. உடலில் செலுத்தினால், 6 மணி நேரம் கழித்து 200, பிறகு 100, 50, 25. இப்போது அதே 400ஐ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருந்தால்? ஒவ்வொரு முறை கொடுத்தவுடன் உடலில் இருப்பது 400, 600, 700, 750, 775 என்று ஏறி 800ஐ நெருங்கி நின்றுவிடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிட்ட இந்த நிலையை அடைய நான்கைந்து அரை ஆயுள்கள் ஆகும், எந்த அளவில் கொடுத்தாலும் சரி. ‘தினமும் போட்டால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்’ என்ற பேச்சு பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சிறுநீரகம் பழுதாகி அரை ஆயுள் 12 மணி நேரமாக நீண்டுவிட்டால் கணக்கு மாறிவிடும். அதே மருந்து, அதே நேர இடைவெளி. ஆனால் உச்சம் 800இல் நிற்காமல் ஏறத்தாழ 1,366 மி.கி. வரை ஏறும். மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது குடத்தின் ஓட்டை.

விதிவிலக்குகளும் உண்டு, தேர்வில் கேட்பதும் அவற்றைத்தான். மதுவைச் சிதைக்கும் நொதிகள் சீக்கிரமே திணறிவிடுவதால், எவ்வளவு இருந்தாலும் மணிக்கு இவ்வளவு என்ற அளவில்தான் அது குறையும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் ஒரு கட்டத்துக்குமேல் இப்படியே நடந்துகொள்ளும். அளவைச் சற்றே கூட்டினாலும் ரத்தத்தில் அது பலமடங்கு எகிறும்.

## மருந்து உடலை என்ன செய்கிறது

இது மருந்துவினையியல். செல்லின் மேற்பரப்பிலோ உள்ளேயோ குறிப்பிட்ட மூலக்கூறுகளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். லாங்லி என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் 1905இல் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று வாதிட்டபோது அதைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. தசையின்மீது நிக்கோட்டினும் குராரே என்ற அம்பு நஞ்சும் போட்டிபோடும் விதத்தை வைத்தே ஊகித்தார்.

எல்லாரும் பூட்டு–சாவி ஒப்புமையைச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு நல்லது. பூட்டைத் திறக்கும் சாவி அகோனிஸ்ட்; துளைக்குள் நுழைந்து திறக்காமல் அடைத்துக்கொண்டு நிற்கும் சாவி ஆன்டகோனிஸ்ட். ஒப்புமை உடையும் இடம் ஒன்றுண்டு: மருந்து ஏற்பியில் நிரந்தரமாக உட்கார்வதில்லை, வந்துவந்து போகிறது. அதனால் யார் எண்ணிக்கையில் அதிகமோ, யார் இறுகப் பற்றுகிறாரோ அவரே வெல்வார். இன்னொன்று, பாதி மட்டும் திறக்கும் சாவிகளும் உண்டு. மார்ஃபினோடு ஒப்பிட்டால் பியூப்ரெனார்ஃபின் அப்படிப்பட்ட பகுதி அகோனிஸ்ட்.

இங்கே இரண்டு சொற்களை எல்லாரும் போட்டுக் குழப்புகிறார்கள். வீரியம் என்றால் எவ்வளவு சிறிய அளவில் வேலை செய்கிறது என்பது. செயல்திறன் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் அதிகபட்சம் எட்டக்கூடிய விளைவு எது என்பது. ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமானது. அதற்கு 100 மடங்கு வலி நீக்கும் என்று பொருளில்லை, நூற்றில் ஒரு பங்கு அளவே போதும் என்றுதான் பொருள். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே கை தவறினால் அங்கே உயிர் போவதும் அதனால்தான்.

பக்கவிளைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதிக்கும் ஏற்பியே காரணம். ஆஸ்துமாவுக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் சால்பியூட்டமால், மூச்சுக்குழாயிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி அதை விரிக்கிறது. அதே ஏற்பி எலும்புத்தசையிலும் இருப்பதால் கை நடுங்குகிறது. மருந்துக்கு ‘மெயின்’, ‘சைடு’ எல்லாம் தெரியாது. ஏற்பி இருக்கும் இடமெல்லாம் அது வேலை செய்யும்.

ஓபியாய்டு (மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலிநீக்கி) மிகையாகி மூச்சு அடங்கியவருக்கு நாலாக்சோன் தருவார்கள். அது ஆன்டகோனிஸ்ட், ஏற்பியிலிருந்து ஓபியாய்டை விலக்கி நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் அதன் அரை ஆயுள் ஒன்றிரண்டு மணி நேரம்தான். உட்கொண்ட ஓபியாய்டு அதைவிட நீண்டகாலம் தங்கினால், எழுந்தவர் மீண்டும் மயங்கலாம். வினையியல் காப்பாற்றியதை அசைவியல் பறித்துக்கொள்கிறது.

இதுவரை வந்தது: உடல் மருந்தை அளவிலும் நேரத்திலும் கட்டுப்படுத்துகிறது, மருந்து ஏற்பி வழியே உடலை மாற்றுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் பாதிப் பாடம்தான்.

## பாராசிட்டமால்: இரு பாடங்களும் சந்திக்கும் இடம்

ஒரே எடுத்துக்காட்டில் இந்தப் படிப்பை விளக்கச் சொன்னால் பாராசிட்டமாலைத்தான் எடுக்க வேண்டும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒருநாள் உச்சவரம்பு பொதுவாக 4 கிராம். அந்த வரம்புக்குள், கல்லீரல் பெரும்பகுதியை குளுக்குரோனிக் அமிலத்தோடும் சல்ஃபேட்டோடும் இணைத்து, நீரில் கரையும் பொருளாக்கிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டும் வேறொரு நொதி வழியாகப் போய் நாப்கி என்ற வினைமிகுந்த பொருளாகிறது. நாப்கி தனியே விடப்பட்டால் கல்லீரல் செல்லின் புரதங்களைப் பற்றிக்கொண்டு செல்லையே கொல்லும். ஆனால் தனியே விடப்படுவதில்லை. குளூட்டாதயோன் என்ற பாதுகாப்பு மூலக்கூறு உடனுக்குடன் அதைப் பிடித்து அடக்கிவிடுகிறது.

வரம்பு மீறும்போது முதலில் இணைக்கும் பாதைகள் நிரம்பி வழிகின்றன. மிச்சம் நாப்கிப் பாதைக்குத் திரும்புகிறது. குளூட்டாதயோன் செலவாகும் வேகத்துக்கு உடலால் புதிதாக உண்டாக்க முடிவதில்லை. கையிருப்பு வற்றிய பிறகுதான் செல்கள் சாகத் தொடங்குகின்றன. ஆகவே இந்தத் தீங்கு மெல்ல மெல்லக் கூடுவதல்ல; ஒரு விளிம்புவரை ஒன்றுமே தெரியாது, தாண்டினால் சரிவு.

இதில் கொடுமை என்னவென்றால் முதல் நாள் குமட்டலைத் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். கல்லீரல் சேதம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் முகம் காட்டும். மாற்றுமருந்தான என்-அசிட்டைல்சிஸ்டைன், குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்கக் கச்சாப்பொருள் தருகிறது. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. ஆகவே மிகையாக உட்கொண்டது தெரிந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டினியில் இருப்பவரிடம் குளூட்டாதயோன் கையிருப்பு குறைவு; தொடர்ந்து அதிகம் குடிப்பவரிடம் கையிருப்பும் குறைவு, நாப்கியை உண்டாக்கும் நொதியும் அதிகம். ‘யாருக்கு’ என்ற கேள்வி எழுவது இங்கேதான்.

## செய்முறைக் கூடத்தில் நடப்பதும் கெடுவதும்

காலங்காலமாக நடக்கும் செய்முறை உறுப்புத்தொட்டி. கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு ஒன்றை, 37 டிகிரி செல்சியஸில், உப்புக் கரைசல் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் தொங்கவிட்டு ஆக்சிஜன் கலந்த வாயுவைக் குமிழிகளாகச் செலுத்துவார்கள். அசிட்டைல்கோலின் சேர்த்தால் துண்டு சுருங்கும். சுருக்கத்தைக் கருவி பதிவு செய்யும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் முன்பு சொன்ன ‘எஸ்’ கோடு கண்முன்னே உருவாகும். அசிட்டைல்கோலினின் ஏற்பியை அடைக்கும் அட்ரோபினைச் சேர்த்துவிட்டு மறுபடி செய்தால் கோடு அப்படியே வலப்பக்கம் நகரும். ஆன்டகோனிஸ்ட் என்ற சொல் மனப்பாடமாக இருந்தது போய்ப் புரிவது அன்றைக்குத்தான்.

முதலில் தவறுவது நீர்த்தல் கணக்கு. 0.01 மோலார் கரைசலில் 0.1 மி.லி. எடுத்து 10 மி.லி. தொட்டியில் விட்டால் செறிவு நூறில் ஒரு பங்காகி 0.0001 மோலார் ஆகிறது. குழாயில் இருப்பதையே தொட்டியின் செறிவாக எழுதிவிடுவது எல்லா மாணவர் தொகுதியிலும் நடக்கும் பிழை. அடுத்தது அவசரம். ஒவ்வொரு முறையும் தொட்டியை அலசி, திசு ஓய்வெடுக்கக் காத்திருக்க வேண்டும். காத்திராவிட்டால் ஏற்பிகள் மரத்துப்போய், அதிக அளவுக்குக் குறைந்த சுருக்கம் கிடைக்கும். கோடு மலையேறி இறங்கும். அளவை ஒவ்வொன்றாகக் கூட்டுவதும் வீண். 1, 2, 3 என்று போகாமல் 1, 3, 10, 30 என்று போக வேண்டும். கோடு மடக்கை அளவுகோலில்தான் வடிவம் பெறும்.

விலங்குத் திசு வேண்டாமென்பவர்களுக்குக் கணினிப் பாவனைகளும் செல் வளர்ப்புகளும் பல துறைகளில் உண்டு. ரசலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்று, குறைப்பு, மேம்படுத்தல் என்ற மூன்று கொள்கைகள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

## நச்சியல் தனியாகச் சேர்ப்பது

மருந்தியல் நோயாளிக்குத் தெரிந்தே கொடுக்கும் பொருளைப் பார்க்கிறது. நச்சியல் தெரியாமல் வந்து சேர்வதையும் பார்க்கிறது: பூச்சிக்கொல்லி, ஈயம், புகை, தொழிற்சாலைக் கரைப்பான்.

இங்கே முதல் பாடம் ஆபத்துத்தன்மையும் இடரும் வேறு என்பது. ஆபத்துத்தன்மை பொருளின் இயல்பு. இடர் என்பது அந்த இயல்போடு நாம் எவ்வளவு தொடர்பு கொள்கிறோம் என்பதும் சேர்ந்தது. மூடிய புட்டியிலுள்ள அமிலம் ஆபத்தானது, ஆனால் இடர் குறைவு. ‘புற்றுநோய் உண்டாக்கும் பொருள் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்புச் செய்திகளில் பாதி இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டுத்தான் வருகின்றன.

பாதுகாப்பு வரம்பு எப்படி வருகிறது? விலங்குச் சோதனையில் எந்தத் தீங்கும் தெரியாத மிக உயர்ந்த அளவைக் கண்டறிவார்கள். வழக்கமாக அதை 100ஆல் வகுப்பார்கள்: விலங்குக்கும் மனிதருக்குமான வேறுபாட்டுக்கு 10, மனிதருக்கு மனிதர் வேறுபாட்டுக்கு 10. அந்த அளவு கிலோவுக்கு 50 மி.கி. என்றால் வரம்பு கிலோவுக்கு 0.5, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. ஆகவே வரம்பைச் சற்றுத் தாண்டிய உடனே நஞ்சேறிவிடும் என்பது தவறு. அதற்காக வரம்பை மீறலாம் என்பதும் தவறு.

இந்த விதிகள் எல்லாம் விபத்துகளில் பிறந்தவை. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். கரைப்பானின் நச்சுத்தன்மையைச் சோதிக்கவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கச் சொல்லும் சட்டம் 1938இல் வந்தது. அடுத்தது தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் விற்கப்பட்டு 1961இல் திரும்பப் பெறப்பட்டது; கருவுற்ற தாய்மார்கள் எடுத்ததால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைகளோடு பிறந்தனர். அளவைப் போலவே காலமும் நஞ்சாக்கும் என்று அது காட்டியது. கருவின் கைகால் உருவாகும் சில வாரங்கள்தான் அந்த வாசல். அதே தாலிடோமைடு இன்று கடும் கட்டுப்பாடுகளோடு ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து.

## ஆண்டுகள் எப்படிப் போகும்

நாட்டைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். முதலாண்டில் மருந்து அதிகம் இருக்காது; உடலியல், உயிர்வேதியியல், கரிம வேதியியல், செல் உயிரியல், புள்ளியியல். சலிப்பவர்கள் இங்கேதான் சலிப்பார்கள். இரண்டாமாண்டில் அசைவியலும் வினையியலும், நரம்பு, இதயம், தொற்று எனத் துறைவாரியாக மருந்துகளும் வரும். இறுதியாண்டின் மையம் ஆய்வுத்திட்டம். சில பல்கலைக்கழகங்களில் இடையே ஓராண்டு தொழில்நிறுவனத்திலோ ஆய்வகத்திலோ பணிபுரியலாம், கிடைத்தால் விடக்கூடாது. அந்த ஓராண்டு, சான்றிதழிலுள்ள மதிப்பெண்ணைவிட அதிகம் பேசும்.

முடித்தவர்கள் மருந்துக் கண்டுபிடிப்பு, பாதுகாப்புச் சோதனை, மருத்துவப் பரிசோதனைகளை நடத்துதல், விற்பனைக்கு வந்தபின் பக்கவிளைவுகளைக் கண்காணித்தல், ஒப்புதல் ஆவணங்கள் தயாரித்தல், தடயவியல் ஆய்வகம், சுற்றுச்சூழல் ஆய்வு என்று போகிறார்கள். சொந்தமாக ஆய்வை வழிநடத்த முனைவர் பட்டம் பெரும்பாலும் தேவைப்படும்.

வேதியியல் வராது என்பதற்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சேருமுன் ஒரு மாதம் கையிலிருந்தால் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, மடக்கை, அடுக்குக்குறி, அலகு மாற்றம் மூன்றையும் தூசி தட்டி எடுங்கள். 0.25 மி.கி. என்பது 250 மைக்ரோகிராம் என்று யோசிக்காமல் சொல்ல வரவேண்டும். 1 விழுக்காட்டுக் கரைசலின் 1 மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால், 10 என்று பேப்பரில்லாமல் வரவேண்டும்.